கொல்ல மனசில்லாதவர்களுக்கு ஜூரியில் இடமில்லையா?

கோவில்பட்டியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயரும் மகள் இருக்கும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை எடுத்துவிட்டேன். கடிதத்தையும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். ஜூரி என்பது, ஒரு வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து பொறுக்கி எடுக்கும் குழு.

"வக்கீல் ஐயா, என் மகள் கல்யாணமாகிப் போய் 17 வருஷமாக அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினாள். சமீபத்தில் ஜூரியாக வரச் சொல்லி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கொலை வழக்கு. முதல் நாள் பக்கம் பக்கமாகக் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கினார்களாம். அப்புறம் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் விசாரித்திருக்கிறார்கள். அரசாங்க வக்கீல், 'அதோ உட்கார்ந்திருக்கிறாரே, குற்றம் நிரூபணமானால் அவருக்கு மரண தண்டனை கிடைக்கும்படி உங்களால் முடிவு சொல்ல முடியுமா' என்று கேட்டாராம். இவள் அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். கோட்டுப் போட்டு, படிய வாரி, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். இவள் தம்பி வயசு. 'குற்றவாளியா இல்லையா என்று சொல்வேன். ஆளைக் கொல்லச் சொல்லி என்னால் சொல்ல முடியாது' என்றிருக்கிறாள். நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. 'பொய் சொல்லியாவது உள்ளே இருந்திருக்கலாமோ அம்மா, அவனுக்கு ஒரு ஓட்டாவது இருந்திருக்குமே' என்று போனில் அழுகிறாள். மாப்பிள்ளையோ, கடமையைத் தட்டிக் கழித்துவிட்டாய் என்கிறார். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. கொல்ல மனசில்லாதவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு மிச்சப் பேரை வைத்துக் கேஸ் நடத்துவது என்ன நியாயம்? நம் ஊரிலும் ஜூரி இருந்தது, பாகவதரை உள்ளே போட்டதே அதுதான் என்று என் அப்பா சொல்வார். ஏன் எடுத்தார்கள்? இருந்திருந்தால் நல்லதா? அந்தப் பையன் கேஸ் என்ன ஆனது என்று மகள் தேடிப் பார்க்கலாமா?"

அன்புள்ள அம்மா, வணக்கம்.

இன்று ராத்திரி மகள் போன் செய்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவர் எதையும் தட்டிக் கழிக்கவில்லை. சம்மன் வந்தது, போனார். சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள், உள்ளதைச் சொன்னார். ஜூரிக்கு அழைக்கப்பட்டவரின் முதல் கடமை அதுதான். அதை அவர் முழுசாகச் செய்துவிட்டார். மாப்பிள்ளை கோபப்படாமல் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

பொய் சொல்லி உள்ளே உட்கார்ந்திருக்கலாமோ என்ற நினைப்பையும் விடச் சொல்லுங்கள். சத்தியத்தின் மேல் சொன்ன பொய் குற்றம். விசாரணையின் நடுவில் தெரிந்தால் அவரை எழுப்பிவிட்டு, இதற்கென்றே உட்கார வைத்திருக்கும் மாற்று ஜூரரைப் போட்டுவிடுவார்கள். அந்தப் பையனுக்கு அதனால் ஒரு நன்மையும் வந்திருக்காது.

இருந்தாலும் 'ஒரு ஓட்டு' என்று உங்கள் மகள் அழுததில் பெரிய உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை. டெக்சாஸ் சட்டத்தில் தண்டனைக் கட்டம் வரும்போது ஜூரியிடம் சில கேள்விகளைக் கொடுப்பார்கள். முதல் கேள்வி, இந்த ஆள் இனிமேலும் வன்முறைக் குற்றம் செய்து சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பாரா என்பது. நடந்ததைப் பற்றி அல்ல, நடக்கப்போவதைப் பற்றி! கடைசிக் கேள்வி, அவருடைய பின்னணி, குணம், அந்தக் குற்றத்தில் அவருக்கு இருந்த பொறுப்பு எல்லாவற்றையும் பார்த்தால் உயிரோடு விட்டுவிடப் போதுமான காரணம் இருக்கிறதா என்பது. மரண தண்டனை வர 12 பேரும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். ஒருவர் ஒத்துக்கொள்ளாமல் கடைசிவரை நின்றாலும் மரண தண்டனை கிடையாது, பரோல் (முன்கூட்டியே விடுதலை) இல்லாத ஆயுள்தான். ஆனால் அப்படி முடிவுக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜூரிக்குச் சொல்லக் கூடாது என்று அதே சட்டம் நீதிபதியையும் இரண்டு பக்கத்து வக்கீல்களையும் தடுக்கிறது. தன் ஒரு கை ஒரு உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமலே ஒருவர் அந்த அறையில் 11 பேரோடு மல்லுக்கட்ட வேண்டும். இதை முதல்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொல்ல மனசில்லாதவர்களை அனுப்பிவிட்டு மிச்சப் பேரை வைத்து நடத்துவது என்ன நியாயம்? நீங்கள் கோவில்பட்டியில் உட்கார்ந்து கேட்ட இதே கேள்வியை 1968-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே கேட்டது. சிகாகோவில் ஒரு போலீஸ்காரரைக் கொன்ற வழக்கு அது. ஜூரி பொறுக்கும்போது மரண தண்டனையில் மனசு இடிக்கிறது என்று சொன்ன 47 பேரைக் கடகடவென்று வெளியே அனுப்பியிருந்தார்கள். இந்த மனசாட்சிக்காரர்களை முதலில் அனுப்பிவிடுவோம், அவர்களுக்காக நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று விசாரணை நீதிபதி வெளிப்படையாகவே சொன்னார். இது சாகடிக்கவே பொறுக்கி எடுத்த ஜூரி என்று சொல்லி சுப்ரீம் கோர்ட் அந்த மரண தண்டனையை ரத்து செய்தது. பொதுவாக எதிர்க்கிறேன் என்று சொன்னதற்காக மட்டும் ஒருவரை அனுப்பக் கூடாது, என்ன சாட்சியம் வந்தாலும் அந்தத் தண்டனைக்கு நான் கை தூக்கவே மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னவரைத்தான் அனுப்பலாம் என்றது.

பாதிக் கதவை அன்றைக்குத் திறந்தார்கள். 1985-ல் அதில் கொஞ்சம் மூடினார்கள். ஒருவருடைய கருத்து அவர் ஜூரராகத் தன் வேலையைச் செய்வதற்குக் கணிசமாகத் தடையாக இருக்கும் என்று நீதிபதிக்குத் தோன்றினாலே போதும் என்று ஆனது. அடுத்த வருஷம் வந்ததுதான் எனக்கு இன்றும் ஜீரணமாகாத தீர்ப்பு.

அதற்கு முன்னால் ஒரு சங்கதி. அங்கே குற்றவாளியா இல்லையா என்று சொல்வதும் அதே 12 பேர், தண்டனை சொல்வதும் பெரும்பாலும் அதே 12 பேர். அதனால் தண்டனைக்கு ஆகாதவர் முதல் கட்டத்துக்கும் ஆகாதவராகிவிடுகிறார். உங்கள் மகள் 'குற்றவாளியா இல்லையா என்று சொல்வேன்' என்று சொன்னாரே, அந்த வேலைக்கு அவர் எந்த விதத்தில் தகுதி குறைந்தவர்? ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள். இப்படி வடிகட்டிய ஜூரி 'குற்றவாளி' என்று சொல்வதற்கே கூடுதலாகச் சாய்கிறது என்று பல ஆய்வுகளை எடுத்துக்கொண்டு 1986-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்து வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஆய்வுகளில் குறை கண்டுபிடித்த நீதிபதிகள், கடைசியில், அவை சரி என்றே வைத்துக்கொள்வோம், ஜூரி அப்படிச் சாய்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அரசியல் சாசனம் இதைத் தடுக்கவில்லை என்று முடித்தார்கள். அந்தத் தீர்ப்பு அப்படியேதான் நிற்கிறது.

நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலை என்றாலே மரண தண்டனைதான் என்று ஒரே பிடியாக நிற்பவரையும் உட்கார விடக் கூடாது என்று 1992-ல் ஒரு தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த வடிகட்டியில் சிக்குபவர்கள் குறைவு. மரண தண்டனையை அதிகம் எதிர்ப்பவர்கள் கறுப்பினத்தவரும் பெண்களும் என்று அந்த நாட்டுக் கருத்துக் கணிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்டு அனுப்பும்போது யார் யார் வெளியே போகிறார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். உங்கள் மகள் இருக்கும் அதே டெக்சாஸில், டல்லாஸில் 1986-ல் நடந்த ஒரு விசாரணை. குற்றம் சாட்டப்பட்ட தாமஸ் மில்லர்-எல் கறுப்பினத்தவர். காரணம் சொல்லாமலே சிலரை நீக்க அங்கே இரண்டு தரப்புக்கும் உரிமை உண்டு. ஜூரிக்குத் தகுதியோடு மிஞ்சிய 11 கறுப்பினத்தவரில் 10 பேரை அரசுத் தரப்பு அப்படி நீக்கியது. பிற்பாடு சுப்ரீம் கோர்ட் பழைய பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மரண தண்டனையைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் தண்டனை எப்படி நிறைவேற்றப்படும், ஆளை எங்கே படுக்க வைப்பார்கள், ஊசி எப்படி ஏறும் என்று விலாவாரியாக விவரித்துவிட்டுச் சிலரிடம் கேட்டிருக்கிறார்கள். கறுப்பினத்தவரில் 53 சதவீதம் பேரிடம் அப்படி. வெள்ளையரில் 6 சதவீதம் பேரிடம். கையைக் காலைக் கட்டி ஊசி போடுவதைக் கேட்டுவிட்டு யார் சட்டென்று 'முடியும்' என்பார்கள்? மனசு இளகும்படி கேட்டுவிட்டு, மனசு இளகியவர் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டியது! அந்த ஊர் அரசு வக்கீல்களுக்கு 1963-ல் போன ஒரு சுற்றறிக்கையும் வெளியே வந்தது. யூதர், கறுப்பினத்தவர், மெக்சிகோக்காரர், இன்னும் எந்தச் சிறுபான்மை இனத்தவரானாலும் சரி, எவ்வளவு பணம் படிப்பு இருந்தாலும் ஜூரியில் எடுக்காதே என்று அதில் எழுதியிருந்தது. எந்தச் சிறுபான்மை இனத்தவரானாலும் என்றால் நம் பிள்ளைகளும்தான். 2005-ல் மில்லர்-எல் வழக்கின் தீர்ப்பை ரத்து செய்தார்கள். 1986-க்கும் 2005-க்கும் நடுவில் அந்த மனிதர் மரண தண்டனைக் கொட்டடியில் இருந்தார்.

இது பழைய கதை, இப்போது மாறியிருக்கும் என்று தோன்றும். மிசிசிப்பி மாநிலத்தில் வினோனா என்று ஒரு சின்ன ஊர். 1996 ஜூலையில் ஒரு நாள் காலை அங்கே ஒரு மரச்சாமான் கடையில் நாலு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்த கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பின இளைஞரைப் பிடித்தார்கள். அவரை ஆறு தடவை விசாரித்தார்கள். ஆறு தடவையும் ஒரே அரசு வக்கீல். முதல் மூன்று விசாரணைகளிலும் மரண தண்டனை. மூன்றையும் மாநில சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. முதல் இரண்டும் அரசு வக்கீல் வரம்பு மீறி நடந்ததற்காக, மூன்றாவது ஜூரி பொறுக்கியதில் இனப் பாகுபாடு இருந்ததற்காக. நாலாவதிலும் ஐந்தாவதிலும்தான் ஜூரியில் ஒன்றுக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் உட்கார்ந்தார்கள். அந்த இரண்டிலும் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. ஆறாவதில் 11 வெள்ளையர், ஒரு கறுப்பினத்தவர். மறுபடி மரண தண்டனை.

அம்மா, இதை இன்னொரு தடவை படியுங்கள். அதே ஊர், அதே கொலை, அதே அரசு வக்கீல். பெட்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மாறும்போதெல்லாம் முடிவு மாறுகிறது. முதல் சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே பாதிக் கேஸ் முடிந்துவிடுகிறது. ஆறு விசாரணையிலும் சேர்த்து, நீக்க முடிந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை அந்த அரசு வக்கீல் நீக்கியிருந்தார். ஆறாவது விசாரணையில் நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் மொத்தம் 145 கேள்வி கேட்டவர், உட்கார்ந்த 11 வெள்ளையரிடம் மொத்தமே 12 கேள்விதான் கேட்டார். துருவிக்கொண்டே போனால் யாரிடமும் ஏதாவது ஒரு காரணம் அகப்படும், இல்லையா? 2019 ஜூனில் சுப்ரீம் கோர்ட் 7-க்கு 2 என்ற கணக்கில் இந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2020 செப்டம்பரில் வழக்கையே கைவிட்டார்கள். கிட்டத்தட்ட 23 வருஷம் உள்ளே இருந்துவிட்டார் அந்த மனிதர்.

உங்கள் மகளை முக்கால் மணி நேரம் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களை எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று தெரியாமல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

இப்போது நம் ஊர். உங்கள் அப்பா சொன்னது சரிதான். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் ரிக்ஷாவில் போகும்போது குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருந்தார்கள். ஹைகோர்ட் செஷன்ஸில் ஒன்பது பேர் ஜூரி. ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். அன்றைய சட்டப்படி ஹைகோர்ட்டில் ஆறு பேர் ஒரு பக்கம் நின்று நீதிபதியும் ஒத்துக்கொண்டால் போதும். அவர்களுக்குத் தீவாந்தர தண்டனை, அதாவது அந்தக் காலத்து ஆயுள் தண்டனை, கிடைத்தது. ஆனால் தூக்குக்கும் அதே கணக்குதான். மூன்று பேர் நம்பாத ஒரு கேஸில் ஆளைத் தூக்கில் போடச் சட்டம் இடம் கொடுத்தது. அன்றைக்கு நமக்கும் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். தூக்காக இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை உங்கள் அப்பா தலைமுறை கேட்டிருக்கும்.

எல்லாக் கேஸிலும் ஜூரி இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். பல மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டுகளில் அசெஸர்கள்தான் உட்காருவார்கள். அவர்கள் கருத்துச் சொல்வார்கள், நீதிபதி அதைக் கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்று குற்றமில்லை என்றது. நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை விழுந்தது. அதோடு ஜூரி முறையே போய்விட்டது என்று பலரும் சொல்வார்கள். அப்படியில்லை. அதற்கு முந்தின வருஷமே, 1958-ல், சட்டக் கமிஷன் ஜூரியை எடுத்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. ஒவ்வொரு மாநிலமாகக் கைவிட்டுக்கொண்டே வந்து, 1974 ஏப்ரல் 1-ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது அடியோடு போனது. பார்சிகளின் விவாகரத்து வழக்குகளில் மட்டும் அதன் சாயல் இன்னும் மிச்சமிருக்கிறது.

இருந்திருந்தால் நல்லதா? 31 வருஷமாக மதுரையில் கிரிமினல் பக்கம் ஆஜராகிறவன் என்ற முறையில் மனசைத் திறந்து சொல்கிறேன். எனக்கு வேண்டாம். தென்மாவட்டத்தில் ஒரு சாதிக் கொலை வழக்குக்கு 12 பேரை எங்கிருந்து எடுப்பீர்கள்? எந்தத் தெருவிலிருந்து? வினோனாவில் தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். இங்கே ஊர்ப் பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்டால் போதும்.

ஆனால் நீதிபதி கையில் இருப்பதால் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சாஸில் 12 பேரில் ஒருவர் மறுத்தால் உயிர் தப்பும் என்றேன். இங்கே 2002-ல், டெல்லி குண்டுவெடிப்பில் குற்றம் சாட்டப்பட்ட தேவிந்தர் பால் சிங் புல்லர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளில் தலைமை தாங்கிய நீதிபதி, இவரை விடுதலை செய்ய வேண்டும் என்று எழுதினார். தண்டனையைக் குறை என்றல்ல, குற்றமே நிரூபணமாகவில்லை என்றார். மற்ற இருவரும் தூக்கு என்றார்கள். 2-க்கு 1. தூக்கு உறுதியானது. 2014-ல்தான், தாமதத்தையும் அவர் மனநிலையையும் காரணமாக வைத்து, ஆயுளாகக் குறைத்தார்கள். மூன்றில் ஒருவர் 'இவன் குற்றவாளி இல்லை' என்று சொல்லும்போது மிச்ச இரண்டு பேரை வைத்து ஒரு உயிரை எடுக்கலாம் என்றால், அந்த இடத்தில் ஜூரி முறை நம்மைவிட மேல்தான்.

இன்னொன்று. 2003-ல் மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் ஒரு குடும்பத்தைக் கொன்ற வழக்கில் நாடோடி இனத்தைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. ஹைகோர்ட் மூன்று பேருக்குக் குறைத்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பத்து வருஷம் கழித்து, 2019 மார்ச்சில், அதே சுப்ரீம் கோர்ட் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது. கண்ணால் பார்த்த சாட்சி ஆரம்பத்தில் போலீஸ் காட்டிய படங்களில் வேறு ஆட்களை அடையாளம் காட்டியிருந்தார். அது அமுங்கிப் போயிருந்தது. பிடிபட்டவர்களில் ஒருவன் அந்த நேரத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவன். ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். 16 வருஷத்துக்கு.

நான் ஜூனியராக இருந்தபோது பார்த்த ஒரு நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்குவாரி வேலைக்காரர் ஒருவர், இரட்டைக் கொலை. காலை 11 மணிக்குக் குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை பற்றிக் கேட்க மத்தியானத்துக்கு வைத்தார்கள். எங்களிடம் கையில் ஒன்றுமே இல்லை. அந்த ஆள் எங்கே பிறந்தார், பள்ளிக்கூடம் போனாரா, ஜெயிலில் எப்படி இருக்கிறார், ஒரு காகிதம் கிடையாது. சீனியரும் நானும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பின்னால் வரப்போகும் ஹைகோர்ட் அப்பீலைப் பற்றிப் பேசினோமே தவிர, அன்று மத்தியானத்தைப் பற்றிப் பேசவில்லை. கூண்டில் அவரிடம் 'தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்' என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம், 'அம்மாவுக்குக் கண்ணு தெரியாது ஐயா' என்றார். தீர்ப்பில் அது 'வயதான தாயார் இருப்பதாகக் கூறினார்' என்று ஒரு வரியாக ஏறியது. மூன்று மணிக்குத் தூக்கு. ஹைகோர்ட்டில் ஆயுளாகக் குறைந்தது, அது வேறு விஷயம். அந்த மத்தியானம் நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை நாங்கள் செய்யவில்லை. 2022-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு ஒரு வழி வகுத்தது. தூக்கு என்று முடிவெடுப்பதற்கு முன் ஜெயில் நடத்தை, மனநிலை, குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கைகளை வரவழைக்க வேண்டும் என்றது. கீழே அது ஒழுங்காக நடக்கும்படி பார்த்துக்கொள்வது எங்களைப் போன்ற வக்கீல்கள் பொறுப்பு.

ஆகவே ஜூரியா நீதிபதியா என்று கேட்டால் என் பதில் இதுதான்: குற்றத்தைக் கண்டுபிடிக்க எந்த முறையை வைத்தாலும் தவறு வரும். வேறு எந்தத் தண்டனை என்றாலும் தப்புத் தெரிந்த அன்றைக்குக் கதவைத் திறந்து விடலாம். கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸுக்கும் நாசிக் ஆறு பேருக்கும் திறந்தது, காரணம் அவர்களைக் கொன்று முடிக்க நேரம் எடுத்தது. அமெரிக்காவில் 1973-க்குப் பிறகு மரண தண்டனை பெற்று, பின்னால் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்கள் 200 பேரை எட்டிவிட்டார்கள். அந்த 200 பேருக்கும் விசாரணையில் யாரோ ஒருவர் 'சந்தேகமே இல்லை' என்று சொல்லியிருக்கிறார்கள். தூக்குத் தண்டனையை நான் அடியோடு எதிர்க்கிறேன். என் கட்சிக்காரர்களுக்காக மட்டும் சொல்லவில்லை.

மகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. மறுபடி ஒரு நாள் இதே மாதிரி சம்மன் வரலாம். அதற்குள் அவர் தனக்குத்தானே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளட்டும். 'மரண தண்டனை தப்பு என்று நம்புகிறேன்' என்பது ஒன்று. 'சட்டம் கொடுக்கும் கேள்விகளை அந்தத் தண்டனையோடு சேர்த்து என்னால் பரிசீலிக்கவே முடியாது' என்பது வேறு. முதலாவதைச் சொல்கிறவர், என் நம்பிக்கையைத் தள்ளிவைத்துவிட்டுச் சட்டப்படி கேட்பேன் என்று உண்மையாகவே சொல்ல முடிந்தால், ஜூரியில் உட்காரலாம். நான் மேலே குறை சொன்ன அதே 1986 தீர்ப்பு இதையும் சொல்கிறது. இரண்டாவதுதான் தன் மனசு என்றால் அதை அப்படியே சொல்லிவிட்டு வீட்டுக்கு வரட்டும். எது தன்னுடையது என்று அவருக்குத்தான் தெரியும், நானோ நீங்களோ சொல்லிக்கொடுக்கக் கூடாது. உள்ளே போவதற்காக ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போவது மட்டும் வேண்டாம். மற்றபடி திருட்டு, அடிதடி, கார் விபத்து என்று எதற்கு வரச் சொன்னாலும் போகச் சொல்லுங்கள். அங்கே இந்தக் கேள்வியே வராது. முக்கால் மணி நேரம் துருவியும் உள்ளதையே சொன்ன ஒருவர் உட்கார வேண்டிய இடம்தான் அது.

கேஸ் என்ன ஆனது என்று தேடலாமா? உங்கள் மகளை ஜூரி வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அனுப்பும்போது நீதிபதி வேறு ஏதாவது உத்தரவு சொல்லியிருந்தால் அதை மதிக்கட்டும், இல்லையென்றால் தாராளமாகத் தேடலாம். ஒருவேளை தண்டனை விழுந்திருந்தாலும் அதோடு முடிவதில்லை. டெக்சாஸில் மரண தண்டனை என்றால் யாரும் கேட்காமலே மாநிலத்தின் உச்சக் கிரிமினல் அப்பீல் கோர்ட்டுக்குப் போகும், அதற்கு அப்புறமும் வருஷக்கணக்கில் படிகள் இருக்கின்றன. விசாரணை இன்னும் நடந்துகொண்டிருந்தால், லீவு கிடைக்கும் ஒரு நாள் நேரிலேயே போகலாம். திறந்த கோர்ட் அது, பின்வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அந்தப் பையனின் முகம் மட்டும்தான் அவர் மனசில் இருக்கிறது. அதே பின்வரிசையில் இறந்துபோனவரின் வீட்டாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும்.